குட்டைக் காலோடு செத்துப் பிறந்த கன்று: மாட்டை விற்றுவிட வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரம் பக்கம் எங்கள் அம்மா மூன்று ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன்) கலப்பு மாடுகள் வைத்திருக்கிறார். மூத்த மாட்டுக்கு இது நாலாவது ஈற்று. ஏழாம் மாதத்திலிருந்தே வயிறு பானை மாதிரி ஊதிக்கொண்டே வந்தது. எட்டாம் மாதம் கன்று செத்து விழுந்தது. தலை பூசணிக்காய் போல உருண்டை, மூக்கு உள்ளே அமுங்கி, நாக்கு வெளியே தள்ளி இருந்தது. நாலு காலும் ஒரு சாண்கூட இல்லை. சினையாக இருந்தபோது கிரகணத்தன்று அம்மா மாட்டைக் கொட்டகைக்குள் கட்டவில்லை, அதனால்தான் இப்படி என்கிறார்கள் உறவினர்கள். மாட்டை விற்றுவிடச் சொல்கிறார்கள். மறுபடி சினை ஊசி போட்டால் இதே மாதிரி வருமா?

பதில்:

அம்மாவிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கிரகணத்துக்கும் இந்தக் கன்றுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்தக் கன்றின் எலும்பு எப்படி வளரப்போகிறது என்பது அது கருவான அன்றைக்கே முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு மாட்டை எங்கே கட்டினாலும், எதைத் தின்னக் கொடுத்தாலும் மாறியிருக்காது. மாட்டை விற்கவும் வேண்டாம். மூன்று நல்ல ஈற்று கொடுத்த மாடு அது. செய்ய வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது, அந்த ஊசியில் இருந்தது எந்தக் காளை என்று கண்டுபிடிப்பது. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். நான் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் படித்து, 28 வருடமாக இந்த ஊரிலேயே மாட்டு வைத்தியம் பார்க்கிறவன். இப்படிப்பட்ட கன்றுகளைக் கையால் இழுத்து எடுத்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் சேர்ந்தால் அதற்கு 'புல்டாக் கன்று' என்று பெயர். உருண்ட தலை, அமுங்கிய மூக்கு, வெளியே நிற்கும் நாக்கு, துடுப்பு போலக் குறுகிய கால். இதோடு அடிக்கடி சேர்ந்து வருவதுதான் அந்தப் பானை வயிறு. கருவைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீர் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். இரட்டைக் கன்று என்று நினைத்து வீட்டில் சந்தோஷப்படுவார்கள். இனிமேல் எந்த மாட்டுக்காவது ஆறேழு மாதச் சினையில் வயிறு இரண்டு பக்கமும் அப்படி உருண்டு, மூச்சு வாங்கி, தீனி குறைந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். கன்றைக் காப்பாற்ற முடியாமல் போகலாம், மாட்டைக் காப்பாற்றலாம்.

எலும்பு வளரும் விதத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். கல்லூரியில் இரண்டாம் வருடம், இறந்த ஒரு கன்றின் தொடை எலும்பை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்து எங்கள் முன்னால் வைத்தார்கள். உள்ளே சிவந்த மஜ்ஜை. எலும்பின் முனைக்குச் சற்றுக் கீழே, குறுக்காக, விரல் நகத் தடிமனில் ஒரு பால்வெள்ளைக் கோடு. தொட்டால் முற்றிய நுங்கு மாதிரி வழவழப்பாக, அழுத்தினால் லேசாக எதிர்க்கும். அதுதான் வளர்ச்சித் தட்டு. கால் நீளமாவது முழுக்க அந்தக் கோட்டில்தான். அங்கே குருத்தெலும்பு உயிரணுக்கள் அடுக்கி வைத்த காசு மாதிரி வரிசையாக நிற்கும். மேல் அடுக்கில் உள்ளவை பிரிந்து பெருகும், கீழ் அடுக்கில் உள்ளவை உப்பிப் பெருத்துச் சாகும், அவை விட்டுப் போன இடத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி எலும்பாகும். வளர்ந்து முடியும் வரை இது நிற்காது.

அந்த நுங்குப் பதம் வருவதற்கு இரண்டு சரக்கு வேண்டும். ஒன்று, இரண்டாம் வகைக் கொலாஜன். கயிற்றுப் பின்னல் மாதிரி இழுத்துப் பிடிக்கும். இன்னொன்று அக்ரிகான் என்ற புரதம். பின்னலுக்கு இடையில் தண்ணீரைப் பிடித்து வைத்து உப்ப வைக்கும். இவை தவிர, வளர்ச்சி அளவு மீறாமல் பார்த்துக்கொள்ள ஒரு பிரேக்கும் இருக்கிறது. எஃப்ஜிஎஃப்ஆர்3 என்கிற ஏற்பி அது. கயிறு நைந்தாலும், தண்ணீர் பிடிப்பது போனாலும், பிரேக் இறுகிப் போனாலும் அடுக்கு குலைந்து கால் குட்டையாகும். மனிதர்களில் குள்ளமாகப் பிறப்பதற்குப் பரவலான காரணம் இந்தப் பிரேக் எப்போதும் அழுத்தியபடியே இருப்பதுதான். 1994-ல் கண்டுபிடித்தார்கள். பிரேக் அறுந்து போனால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் சஃபோக் ஆடுகள் காட்டின. குட்டிகள் கால் நீண்டு, கோணி, முதுகு வளைந்து சிலந்தி மாதிரி நிற்கும். 'சிலந்திக் குட்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குள்ளமும் நெட்டையும் ஒரே மரபணுவின் இரண்டு பக்கம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

புல்டாக் கன்று என்ற பெயர் அயர்லாந்தின் டெக்ஸ்டர் மாட்டிலிருந்து வந்தது. அங்கே கோளாறு அக்ரிகான் மரபணுவில். ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக இருக்கிறது. கெட்ட பிரதி ஒன்று மட்டும் இருந்தால் டெக்ஸ்டர் மாடு குட்டைக்காலோடு, கட்டுமஸ்தாக, பார்க்க லட்சணமாக இருக்கும். சிறிய தோட்டம் வைத்திருந்தவர்கள் அதைத்தான் விரும்பி வாங்கினார்கள். இரண்டும் கெட்டதாக அமைந்தால் ஏழாம் மாத வாக்கில் புல்டாக் கன்றாகக் கலைந்து விழும். குட்டைக்கால் காளையைக் குட்டைக்கால் பசுவோடு சேர்த்தால் நாலில் ஒன்று இப்படிப் போகும், இரண்டு குட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும் பிறக்கும். 2007-ல் மரபணு தெரிந்த பிறகு ரத்தமோ மயிரோ கொடுத்துச் சோதித்துச் சேர்க்கிறார்கள். சாவு தவிர்க்க முடிகிறது.

உங்கள் மாடு டெக்ஸ்டர் இல்லை, ஹெச்.எஃப். கலப்பு. ஹோல்ஸ்டீனில் புல்டாக் கன்று பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது. அங்கே பழுதாவது இரண்டாம் வகைக் கொலாஜன், அந்தக் கயிறு. இதில் ஒரே ஒரு கெட்ட பிரதி இருந்தாலே கன்று செத்துவிடும். அப்படியானால் அந்தப் பழுதை உடம்பு முழுக்கச் சுமக்கிற காளையோ பசுவோ உயிரோடு இருக்கவே முடியாது இல்லையா? பிறகு எங்கிருந்து வருகிறது? காளை கருவில் இருந்தபோதே சில உயிரணுக்களில் மட்டும் எழுத்துப் பிழை போல ஒரு மாற்றம் புகுந்துவிடுகிறது. அந்த உயிரணுக்களின் வழி வந்தவை விதைப்பையிலும் கலந்திருக்கும். காளை பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஆனால் அதன் விந்தில் ஒரு பங்கு பிழையோடு வெளியேறும். எந்தப் பசுவுக்குப் போட்டாலும் அந்தப் பங்குக்கு ஏற்பப் புல்டாக் கன்றுகள் விழும். டென்மார்க்கில் ஒரு ஹோல்ஸ்டீன் காளையின் கன்றுகளில் இப்படி வந்ததை 2004-ல் எழுதினார்கள், பின்னால் மரபணுவையும் உறுதி செய்தார்கள். இந்த வகையாக இருந்தால் உங்கள் மாட்டுக்கு இதில் பங்கே இல்லை. வேறு காளை போட்டால் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

இன்னொரு வழி, பசுவும் காளையும் இரண்டுமே கெட்ட பிரதியை ஒளித்து வைத்திருப்பது. இதில் பசுவுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் ஒரு பிரதி இருப்பதால் அதன் பாலுக்கோ உடம்புக்கோ ஒரு குறையும் வராது. அதே காளையையே போட்டால் ஒவ்வொரு ஈற்றுக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. வேறு வம்சக் காளை போட்டால் அந்த ஆபத்து கிட்டத்தட்ட இல்லாமலே போகும். ஆக, காரணம் எதுவாக இருந்தாலும் பதில் ஒன்றே. பசு இருக்கட்டும், காளை மாறட்டும்.

இனி நான் எதற்காகக் காளை எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் அலசூரில் ஒரு கொட்டகைக்கு ராத்திரி கூப்பிட்டார்கள். ஏரிக்குப் பின்னால் சந்து, ஆறு மாடு, ஒரே பல்பு. பசு முக்கி முக்கி ஓய்ந்து படுத்திருந்தது. கையை உள்ளே விட்டேன். கால் தேடினால் கால் கிடைக்கவில்லை. உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது, கழுத்து என்று ஒன்று இல்லை, நேராக நெஞ்சு. என் கை நடுங்கியது உண்மை. ஒரு மணி நேரம் போராடி எடுத்துக் கீழே வைத்ததும், அந்த வீட்டு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கோணியைக் கொண்டுவந்து அதன் மேல் போட்டுவிட்டார். "யார் கண்ணிலும் படக் கூடாது டாக்டர், பால் வாங்குறவங்க நின்னுடுவாங்க" என்றார். பசுவுக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்ப்பதற்குள் பையன்கள் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டார்கள். ஒரு போட்டோ இல்லை, ஒரு துண்டுத் தோல் இல்லை. ஊசி போட்டவரைக் கேட்டேன், காளை எண் அச்சடித்த விந்துக் குழாயை, அதாவது ஸ்ட்ராவை, எப்போதோ தூக்கிப் போட்டாயிற்று என்றார். இரண்டு வருடம் கழித்து அதே தெருவில், நாலு வீடு தள்ளி, இன்னொரு கன்று அதே மாதிரி. அதற்கும் எண் இல்லை. இரண்டுக்கும் ஒரே காளையா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு அந்தக் கோணியை விலக்கிக் காதில் ஒரு துண்டு வெட்டியிருக்கலாமே என்ற வருத்தம் எனக்குப் போகவே இல்லை.

மூடி மறைப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1940, 50-களில் அமெரிக்காவின் ஹியர்ஃபோர்டு மாடுகளில் குள்ளக் கன்றுகள் கூட்டம் கூட்டமாகப் பிறந்தன. நெற்றி புடைத்து, மூக்கு குறுகி, மூச்சு விடும்போது கர்கர் என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே பெயர் வைத்தார்கள். ஒரு பிரதி மட்டும் கெட்டிருந்த மாடுகள் சற்றே குட்டையாக, சதைப்பிடிப்பாக இருந்தன. அந்தக் காலத்து மாட்டுக் கண்காட்சிகளில் நடுவர்களுக்குப் பிடித்த உருவம் அதுதான். பரிசு வாங்கிய காளைக்கு ஏக கிராக்கி, அதன் வழியே கெட்ட பிரதி நாடு முழுக்கப் பரவியது. குள்ளக் கன்று பிறந்தால் வம்சத்தின் பெயர் கெட்டுவிடும் என்று பலர் சத்தமில்லாமல் அப்புறப்படுத்தினார்கள். காளையின் நெற்றி வளைவை அளக்க ஒரு கருவியே செய்து பார்த்தார்கள், நம்பும்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில் கை கொடுத்தது கணக்கு. கெட்ட பிரதி இருப்பது உறுதியான பசுக்கள் 16-ஐ ஒரு காளையோடு சேர்க்க வேண்டும். காளையிடமும் கெட்ட பிரதி இருந்தால் ஒவ்வொரு கன்றும் நன்றாகப் பிறக்க நாலில் மூன்று வாய்ப்பு. தொடர்ந்து 16 கன்றும் நன்றாகப் பிறப்பதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு. ஆகவே 16-ம் நல்லபடி பிறந்தால் காளை சுத்தம் என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம். எவ்வளவு செலவு, எத்தனை வருடம் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு அதே கேள்விக்கு, மரபணு தெரிந்த நோயாக இருந்தால், வால் மயிரின் வேரில் பதில் கிடைக்கிறது.

நான் மேலே சொன்ன சிலந்திக் குட்டியிலும் இதே கதைதான். ஒரு பிரதி கெட்ட ஆடுகள் நெட்டையாக, கம்பீரமாக நின்றன. பரிசும் அவற்றுக்கே போயிற்று. நோயைப் பரப்பியது நம் கண்தான் என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயம்.

கறவை மாட்டில் அந்த இடத்தில் பால் இருக்கிறது. கார்லின்-எம் ஐவன்ஹோ பெல் என்று அமெரிக்கக் காளை ஒன்று, 1974-ல் பிறந்தது. அதன் பெண் கன்றுகள் நிறையப் பால் கொடுத்தன, மடியும் நன்றாக அமைந்தது. உறைவிந்து வந்த காலம் ஆதலால் உலகம் முழுக்க அதன் ஊசி போனது. தன் தகப்பனிடமிருந்து வாங்கிய ஒரு கெட்ட பிரதியும் கூடவே போனது. அதன் பேரன் பேத்திகள் ஒருவரோடு ஒருவர் சேர ஆரம்பித்த பிறகு கழுத்தும் நெஞ்சும் குறுகி, முன்னங்கால் மணிக்கட்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மடங்கிய கன்றுகள் செத்துப் பிறந்தன. முதுகெலும்புக் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. டென்மார்க்கில் ஆகர்ஹோல்ம் குழுவினர் 2001-ல் அதை விவரித்து எழுதினார்கள். முதுகெலும்புக் கோளாறு என்ற பொருளில் சுருக்கமாகச் சிவிஎம் என்கிறோம். 1974-ல் பிறந்த காளையின் குறைக்கு 2001-ல்தான் பெயர் கிடைத்தது. ஏன் இவ்வளவு தாமதம்? இந்தக் கருக்களில் பெரும்பாலானவை 260 நாளுக்கு முன்பே கலைந்துவிடும். பல, சின்னதாக இருக்கும்போதே போய்விடும். வீட்டில் என்ன சொல்வார்கள்? 'சினை நிக்கல, மாடு திரும்ப பருவத்துக்கு வந்துடுச்சு' என்பார்கள். கோணல் கன்றாக வெளியே வருவது கொஞ்சம்தான், பெரிய நஷ்டம் கண்ணில் படாமலே நடந்துகொண்டிருந்தது.

உங்கள் கன்று சிவிஎம் இல்லை என்பது என் கணிப்பு. அதில் கால் இவ்வளவு குட்டையாகாது, தலையும் பூசணிக்காய் ஆகாது. ஆனாலும் இதைச் சொல்லக் காரணம் உண்டு. வெளிநாட்டுக் காளைப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் 'டிவி' என்று போட்டிருந்தால் சிவிஎம் சோதனையில் தேறிய காளை, 'சிவி' என்றிருந்தால் கெட்ட பிரதி உள்ளது. ஊசி வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அது. நம் நாட்டு உறைவிந்து நிலையங்களில் பிஎல்ஏடி (உடம்பின் நோய் எதிர்ப்பைக் கெடுப்பது) போன்ற சில பரம்பரை நோய்களுக்குக் காளைகளைச் சோதித்துத்தான் எடுக்கிறார்கள். இங்கே ஹெசரகட்டாவில் மத்திய அரசின் நிலையமே இருக்கிறது. ஆனால் புதிதாகக் காளையின் விதைப்பையில் முளைக்கும் பிழையை எந்த முன்சோதனையும் பிடிக்காது. அதைப் பிடிக்கக்கூடியது உங்கள் கொட்டகையிலிருந்து போகும் தகவல் மட்டும்தான்.

"அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் கேள்விப்பட்டதே இல்லையே" என்று பெரியவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. முதன்முதலில் ஹள்ளிக்கார் பசுவுக்கு ஹெச்.எஃப். ஊசி போட்டபோது, கன்றின் ஒரு பிரதி சீமையிலிருந்து, மறு பிரதி நாட்டு மாட்டிலிருந்து. ஒளிந்திருக்கும் சீமைக் குறைக்கு ஜோடி கிடைக்காது. அந்தக் கிடாரிக்கு மறுபடி ஹெச்.எஃப்., அதன் கிடாரிக்கு மறுபடி ஹெச்.எஃப். என்று முக்கால் பங்கு, அதற்கும் மேல் சீமை ரத்தம் ஏறிய பிறகு ஜோடி சேர்கிறது. அதிலும் மோசம், ஒரே காளையின் ஊசி அதன் மகளுக்கே திரும்பப் போய்விடுவது. ஒளிந்திருக்கும் வகைக் குறை அந்தக் காளையிடம் இருந்தால், மகளுக்குப் போடும்போது எட்டில் ஒரு கன்று பாதிக்கப்படும். ஏட்டில் எழுதி வைக்காததால் மட்டுமே நடக்கிற தவறு இது.

மாடு மட்டும் இல்லை. இந்திரா நகர், கோரமங்களா பக்கம் நாய் வைத்திருப்பவர்கள் டாக்ஸ்ஹண்டை நடக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருவார்கள், பின்னங்கால் இரண்டும் துணி மாதிரி தொங்கும். அந்தக் குட்டைக்கால் எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் உபரி நகல் ஒன்று இடம் மாறி ஒட்டிக்கொண்டதால் வந்தது, 2009-ல் கண்டார்கள். 2017-ல் இன்னொரு நகலையும் கண்டார்கள். அது காலைக் குறுக்குவதோடு, முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தையைச் சின்ன வயதிலேயே சுண்ணாம்பாக்கி வெடிக்க வைக்கிறது. மடங்கிய காதுக்காக ஆசைப்பட்டு வாங்கும் ஸ்காட்டிஷ் ஃபோல்டு பூனையும் அப்படித்தான். 1961-ல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் கண்டெடுத்த ஒரே பூனையிலிருந்து வந்த இனம். காதின் குருத்தெலும்பை மடக்கும் அதே குறை கால் மூட்டுகளையும் அரிக்கிறது. அந்தப் பூனை குதிக்காமல் சாதுவாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ரசிக்கிறார்கள். வலி தாங்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் பலர் முகம் வாடிப்போகிறது. சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

ஒன்று குழப்பிக்கொள்ள வேண்டாம். புங்கனூர், வெச்சூர் மாடுகள் நோயால் குள்ளமானவை இல்லை. தலை, உடம்பு, கால் எல்லாம் ஒரே விகிதத்தில் சிறுத்தவை. வெச்சூர் ஒரு மீட்டர் உயரம்கூட வராது, ஆனாலும் துள்ளி ஓடும், சிரமமில்லாமல் ஈனும். அழியும் நிலையில் இருந்த அந்த இனத்தை கேரளத்தின் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் 1989 வாக்கில் தேடித் தேடிச் சேர்த்துக் காப்பாற்றினார்கள். இப்போது பெங்களூரில் வீட்டு வாசலில் கட்டுவதற்கு 'மினி மாடு' கேட்டு அலைகிறார்கள். உடம்பு பெரிதாக, கால் மட்டும் குட்டையாக, முழங்கால் விலகி, மூச்சு இரைக்கும் கன்றை மினி மாடு என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள். அதை இனப்பெருக்கத்துக்கு விடுவது பாவம்.

பரம்பரைக்குச் சம்பந்தமே இல்லாமலும் கோணல் கன்று பிறக்கலாம், அதையும் பார்த்துவிட வேண்டும். சினையில் அகபானே என்ற வைரஸ், பூச்சிக் கடி மூலம் வருவது, தாக்கினால் கன்றின் மூட்டுகள் மடங்கி இறுகிவிடும். ஆனால் கால் எலும்பின் நீளம் சரியாக இருக்கும். மாங்கனீசுச் சத்து கடுமையாகக் குறைந்தால் நிஜமாகவே குட்டைக்கால் கன்றுகள் பிறக்கும். அப்போது ஒரே பருவத்தில், ஒரே தீனி தின்ற பல மாடுகளுக்கு வரும், காளை வெவ்வேறாக இருந்தாலும் வரும். உங்கள் வீட்டில் மற்ற இரண்டு மாடும் நன்றாக ஈன்றிருந்தால் தீனியைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. தாது உப்புக் கலவை தினமும் கொடுங்கள், அது எப்படியும் நல்லது.

இப்போது செய்ய வேண்டியது. மாட்டின் காதில் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். ஊசி போட்டவர் அந்த எண்ணோடு காளை எண்ணைப் பதிவு செய்திருக்க வாய்ப்பு அதிகம், அவரிடம் கேளுங்கள். சண்டைக்குப் போகிற தொனி வேண்டாம், அவருக்கும் தெரியாமல் நடந்ததுதான் இது. இனி ஊசி போடும்போது காலி ஸ்ட்ராவை வாங்கி வையுங்கள். இடியாப்ப இழை மாதிரி மெல்லிய குழாய், கால் மில்லி பிடிக்கும், அதன் மேலேயே காளை எண்ணும் நிலையத்தின் குறியும் தேதியும் அச்சாகி இருக்கும். அம்மா பால் கணக்கு எழுதும் நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதி போட்டால் போதும். கன்றைப் புதைத்தாகிவிட்டது என்றால் தோண்ட வேண்டாம். செல்போனில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் அழிக்காதீர்கள். இன்னொரு முறை எங்கேயாவது இப்படி விழுந்தால், கன்றைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, கால் அருகே ஒரு அளவு டேப்பை விரித்துப் படம் எடுங்கள். காது நுனியில் கட்டைவிரல் நகம் அளவு வெட்டி, சுத்தமான கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். ஃபார்மலினில் போட்டால் மரபணுச் சோதனைக்கு உதவாது. பிறகு கால்நடை மருத்துவமனைக்கோ ஹெப்பாள் கல்லூரிக்கோ சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அடித்தாலும் வழி சொல்வார்கள்.

மாட்டைப் பற்றி: நஞ்சுக்கொடி முழுதாக விழுந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், இந்த மாதிரி ஈற்றில் தங்கிவிடுவது உண்டு. நாற்றமோ காய்ச்சலோ இருந்தால் உடனே காட்டுங்கள். பால் கறக்கலாம், அந்தப் பாலில் ஒரு தோஷமும் இல்லை. கருப்பை சுருங்கி ஆற நேரம் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து வரும் பருவத்தில் ஊசி போடுங்கள், ஹெச்.எஃப். வேண்டாம். ஜெர்சியோ சாஹிவாலோ போடுங்கள். பால் கொஞ்சம் குறையும் கிடாரி பிறக்கலாம், ஆனால் முழுக் கன்று பிறக்கும் என்று அம்மா நிம்மதியாகத் தூங்குவார்.

இன்னும் ஒன்று மிச்சம். மற்ற இரண்டு மாட்டில் ஏதாவது இப்போது சினையாக இருக்கிறதா? இருந்தால் அதற்கும் அதே சமயத்தில், அதே பெட்டியிலிருந்து ஊசி போயிருக்கலாம். அந்தக் காளை எண்ணை இன்றைக்கே பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், ஐந்தாம் மாதத்திலிருந்து வாரம் ஒரு முறை அதன் வயிற்றுச் சுற்றளவைக் கயிறு போட்டு அளந்து அந்த நோட்டிலேயே எழுதி வரச் சொல்லுங்கள். திடீரென்று ஏறினால் ராத்திரி என்று பார்க்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.